சனிக்கிழமை உளவாளிகள்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முதலில் தீர்த்தம் தெளித்தார்கள். பேய் பிடித்தது அதற்குப் பிறகுதான். ஊர் உலகத்தில் இது மறுதலையாகத்தான் நடக்கும் என்று அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

சாந்தோமில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா கணக்கு வாத்தியார். அண்ணன் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்திருந்ததால் அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது. புதிதாக எது வந்தாலும் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்த பிறகுதான் எங்கள் வீட்டில் தொடுவோம். தையல் மெஷின், கேஸ் அடுப்பு, அப்பாவின் ஸ்கூட்டர் எல்லாமே மந்திரித்தவைதான். சாமியார் கையை ஓங்கித் தீர்த்தம் தெளிக்க, அண்ணன் பாய்ந்துபோய் கீபோர்டின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். ஆசீர்வாதத்தில் பாதி அவன் முதுகுக்குப் போய்விட்டது. மீதி கம்ப்யூட்டருக்குப் போதவில்லை என்பது மூன்றே மாதத்தில் தெரிந்தது.

ஹாலில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழேதான் அதற்கு இடம். படத்துக்கு முன்னால் இரவு பகலாக எரியும் சிவப்பு பல்புக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே பிளக் பாயிண்ட். உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடக் கூடாது என்று அம்மா பூப்போட்ட துணியில் உறை தைத்திருந்தாள். அண்ணனுக்காக வாங்கியது என்று பெயர்தானே தவிர, அதை அதிகம் உபயோகித்தது அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. கான்வென்ட் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அப்பா பார்த்து முடித்த மாப்பிள்ளைக்குத்தான் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டார் பிள்ளைக்கு இருதயத்தில் கோளாறு இருப்பதை மறைத்துவிட்டார்கள். கல்யாணமான அடுத்த வருஷமே அவர் இறந்துபோக, அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்போது நான் பிறந்திருக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த நாளாக அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். காலையில் எனக்குத் தலை வாரி இரட்டைப் பின்னல் போடுவது அவள், ராத்திரி நான் ஒட்டிக்கொண்டு தூங்குவது அவளோடு. அப்பா அவளிடம் உப்பு, புளி, கரண்ட் பில் பற்றியெல்லாம் பேசுவார். கல்யாணம் என்ற வார்த்தையை மட்டும் அவள் எதிரில் வாயில் எடுக்கமாட்டார். யாராவது பத்திரிகை கொண்டுவந்தால்கூட வாங்கித் தன் பைக்குள் செருகிக்கொள்வார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அத்தை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேள்வித்தாள் டைப் அடிப்பாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதற்கு அத்தனை கேள்வி என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பேய் பிடித்ததற்குக் காரணம் நான்தான். மறைப்பானேன். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறிக்குப் பதிலாக ஒரு தங்க மீன் நீந்தும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொன்னாள். தேடிப் பிடித்து மீனைக் கொண்டுவந்தேன். மீன் தனியாக வரவில்லை. கூடவே சொந்தபந்தம் எல்லாம் வந்துவிட்டது. திறந்த பக்கத்தின் மேல் திறக்காத பக்கம் வந்து உட்கார்ந்தது. உனக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்றது ஒன்று. உடம்பு இளைக்க வேண்டுமா என்றது இன்னொன்று. ஒருநாள் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அரைகுறை ஆடையில் ஒரு பெண் திரையில் தோன்றினாள். அம்மா கையிலிருந்த முந்தானையாலேயே மானிட்டரை மூடினாள்.

அதன் பிறகு சிவப்பாக ஒரு பெட்டி மின்னத் தொடங்கியது. உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, காப்பாற்ற இங்கே அழுத்தவும் என்று இங்கிலீஷில் அது அலறியது. நான் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"காசு கேக்குதா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. ஃப்ரீ."

"அப்ப அழுத்து. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது."

அழுத்தினேன். மாடு உள்ளே வந்து தொழுவத்தையே தன் பேரில் எழுதிக்கொண்டது. முந்நூறு கிருமி இருக்கிறது, டாலர் கட்டினால்தான் எடுப்பேன் என்றது. அதை மூடவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை. அண்ணனுடைய பிராக்டிகல் பாடம், அத்தையின் கேள்வித்தாள் எல்லாம் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. அண்ணன் என் பின்னல் இரண்டையும் பிடித்து இழுத்துத் தன் கோபத்தைத் தீர்த்துக்கொண்டான்.

கடைசியில் அம்மா தன் தம்பிக்குப் போன் செய்தாள். மாமாவுக்குச் சைதாப்பேட்டையில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. அம்மாவும் சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள்தான். சாந்தோமுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு பேச்சை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். தம்பி வாசலில் கால் வைத்ததும் அது கசங்கிவிடும்.

மாமா திரையைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இன்னா மாமா இது? திருடனையே இட்டாந்து வாட்ச்மேன் வேல குடுத்துகீறீங்க!"

"ஃப்ரீன்னு போட்டிருந்தது தம்பி."

"ஃப்ரீயா குடுக்கறவன் எல்லாம் திருடன் இல்ல மாமா. ஆனா, ரோட்டுல நின்னுகினு உனுக்கு ஒடம்பு சரியில்ல வா வான்னு கூவுறவன் டாக்டர் கெடையாது. நாமளா தேடிப்போயி, செஞ்சவன் எடத்துலேர்ந்து எடுத்தாந்தா அது நல்ல ஃப்ரீ. அதுவா வந்து கதவத் தட்டிச்சினா வுடவே கூடாது."

அப்பாவிடம் இவ்வளவு நீளமாக யாரும் பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை.

மாமா அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அந்தப் பொய்க் காவல்காரனையும் என் தங்க மீனையும் வேரோடு பிடுங்கினார். பிறகு ஒரு சிடியிலிருந்து இரண்டு ஆன்ட்டி-ஸ்பைவேர் போட்டார். இரண்டும் இலவசம். ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்குமாம். வாராவாரம் நெட்டிலிருந்து அவற்றைப் புதுப்பித்துவிட்டு, அப்புறம் ஸ்கேன் ஓட்ட வேண்டும். அகப்பட்டதெல்லாம் பட்டியலாக வரும். டிக் போட்டு அழிக்க வேண்டியதுதான். இரண்டில் ஒன்றுக்குப் பூட்டு போடவும் தெரியும். மீன் வந்த தளத்தின் முகவரியை அதில் எழுதிப் பூட்டிக் காண்பித்தார். இனி அந்தப் பக்கம் இந்த வீட்டில் திறக்காது என்றார்.

"ஸ்பைவேர்னா என்ன மாமா?" என்று கேட்டேன்.

"உளவாளிம்மா. நீ இன்னா பண்ற, எங்க போறன்னு உள்ள குந்திகினு பாத்து வெளிய சொல்லிடும்."

எனக்குப் புல்லரித்தது. மாமா அதோடு நிறுத்தவில்லை. "அல்லாமே அப்படி இல்ல. பீச்சுக்குப் போய்ட்டு வந்தா கால்ல மண்ணு ஒட்டிகினு வர்ல? அந்த மாதிரி, நெட்ல நாம எங்கெங்க போனமோ அங்கேர்ந்து ஒண்ணொண்ணு ஒட்டிகினு வரும். அதுவும் லிஸ்ட்ல காட்டும். கெடுதல் இல்ல. பெருக்கித் தள்ளிட்டுப் போய்க்கினே இரு. அங்க போறத வுட்டுட்டா கொஞ்ச மாசத்துல அதுவாவே உதுந்துரும்."

அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் பக்கத்தில் நின்று இதைக் கேட்டார்கள். அத்தை ஸ்கூலிலிருந்து இன்னும் வரவில்லை. எனக்கோ மணல் கதை பிடிக்கவில்லை, உளவாளிக் கதைதான் பிடித்தது. அதனால் மணலை அன்றே மறந்துவிட்டேன்.

குற்றம் செய்தவளே காவலும் காக்கட்டும் என்று ஸ்கேன் ஓட்டும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தார். எனக்கு அது பதவி. சனிக்கிழமை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் ஜெபமாலை. அந்த நேரத்தில் கம்ப்யூட்டரை யாரும் தொடமாட்டார்கள் என்பதால் மெழுகுவர்த்தி ஏற்றியதும் நான் ஸ்கேனைத் தட்டிவிட்டு வந்து மண்டியிடுவேன். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடிந்து மாதா பிரார்த்தனையும் முடியும்போது அதுவும் முடிந்திருக்கும். எங்கள் கம்ப்யூட்டரின் வேகம் அப்படி.

யார் யார் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டும். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற வழக்கம். ஆகவே ஜெபம் முடிந்ததும் நான் பட்டியலை எழுத்துக் கூட்டி உரக்க வாசிப்பேன். ஒரு சனிக்கிழமை நான் முதல் பெயரை வாசிக்கவும், அப்போதுதான் மாதாவின் ஒவ்வொரு பெயருக்கும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று சொல்லி முடித்த அண்ணன் அதே ராகத்தில், "எங்களை விட்டு அகன்றுபோகும்" என்றான். அம்மா அவன் தொடையில் கிள்ளினாள். அடுத்த பெயருக்கு அத்தையும் சேர்ந்துகொண்டாள். அப்பா முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொள்ளப் பார்த்தார், மீசை ஒத்துழைக்கவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் சனிக்கிழமைக்கு இரண்டு பிரார்த்தனை. நான் ஒரு பெயர் வாசிப்பேன், வீடே சேர்ந்து அகன்றுபோகும் என்று சொல்லும், நான் டிக் போடுவேன். அந்த வயதில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அக்டோபர் மழையில் ஒரு சனிக்கிழமை. பட்டியலில் பதினோரு பெயர். ஏழாவதோ எட்டாவதோ வாசித்தேன். 'செகண்ட்' என்று ஆரம்பித்துக் கல்யாணத்தில் போய் முடிகிற நீளமான ஒரு இங்கிலீஷ் பெயர். இரண்டாம் கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற தளம் அது. எனக்கு அது இன்னொரு உளவாளி, அவ்வளவுதான். பல்பொடி என்று போட்டிருந்தாலும் அதே ராகத்தில் வாசித்திருப்பேன்.

பதில் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் வாயைத் திறந்தவன் அப்படியே இருந்தான். அம்மா ஜெபமாலையைச் சின்ன டப்பாவுக்குள் மடித்து வைப்பதில் மும்முரமாக இருந்தாள். அத்தை மெழுகுவர்த்தியை அணைக்கக் குனிந்திருந்தாள், அணைக்கவில்லை. மெழுகு அவள் விரலில் சொட்டியதைப் பார்த்தேன்.

அப்பாதான் பேசினார். "இந்த விளம்பரக்காரங்களுக்கு விவஸ்தையே கிடையாது. யார் வீடு, என்ன வீடுன்னு பாக்கிறதில்ல. கண்ட குப்பையையும் அனுப்பிடறான்." தொண்டையைக் கனைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாப்பா, இனிமே வாசிக்க வேணாம். அழிச்சாப் போதும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் என்ன தப்பு செய்தேன்? உச்சரிப்பு சரியில்லை என்று அப்பா நினைத்துவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். ராத்திரி அத்தையிடம் அதைச் சொல்லி அழுதேன். "உன் உச்சரிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அத்தை என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வழக்கமாகக் கதை சொல்லுவாள், அன்றைக்குச் சொல்லவில்லை.

என் கோபம் எல்லாம் அந்த ஒரு பெயரின் மேல் திரும்பியது. என் பதவியைப் பறித்தது அதுதானே. அடுத்த சனிக்கிழமை அது திரும்ப வந்திருந்தது. அழித்தேன். அதற்கு அடுத்த வாரமும் வந்தது. மற்றவை மாறி மாறி வந்தன, போயின. இது மட்டும் சொல்லிவைத்தாற்போல வந்துகொண்டே இருந்தது. அப்பாவே குப்பை என்று சொன்ன ஒன்று வாராவாரம் திருஇருதயப் படத்துக்குக் கீழே வந்து உட்காருவதா? மாமா மீனைப் பூட்டியது ஞாபகம் வந்தது. பட்டியலைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக அந்த முகவரியைப் பூட்டில் எழுதினேன். ஒரு எழுத்துக்கூட விடவில்லை. பூட்டினேன்.

அந்த வாரம் அத்தை கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள், சற்று நேரத்தில் எழுந்துவிடுவாள். மறுபடி வந்து உட்காருவாள். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்திருப்பாள். பால்காரருக்கு இரண்டு தடவை பால் கூப்பனைக் கொடுத்தாள். ஒருநாள் காலை பின்னல் போட்டுக்கொண்டே, யாருக்காகவோ கேட்பதுபோல என்னைக் கேட்டாள்.

"ஏண்டி, நெட்டுல சில பக்கமெல்லாம் திறக்க மாட்டேங்குதே, ஏன்?"

"கெட்டதையெல்லாம் நான் பூட்டிட்டேன் அத்தே" என்றேன் பெருமையாக. "இனிமே ஒண்ணும் உள்ள வர முடியாது."

"நல்லது" என்றாள் அத்தை. வகிடு கோணலாகப் போய்விட்டது. அவிழ்த்து மறுபடி பின்னினாள். எதைப் பூட்டினாய் என்று அவள் கேட்கவில்லை, அதைத் திறந்துவிடு என்றும் சொல்லவில்லை. சொன்னால் நான் வீடு முழுக்கக் கேட்கிற குரலில் பதில் சொல்லுவேன் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒரு மனிதரின் கடிதம் அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக இருவரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் கேள்விக்கு அவர் பதில் சொல்லி, திருப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். பதில் வராவிட்டால் இஷ்டமில்லை என்றுதானே எடுத்துக்கொள்வார். வீட்டு கேட்டைத் தாண்டினால் எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள், பிரௌசிங் சென்டர் வைத்திருப்பவரும் பாடகர் குழுவில் இருப்பவர். வேறு எங்கே போய் அவள் அதைத் திறப்பாள்? இதெல்லாம் எனக்குத் தெரிய பதினைந்து வருஷம் ஆயிற்று.

அப்பாவிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். காலையில் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போகும்போது சொன்னேன். அந்தக் குப்பையை நிரந்தரமாகப் பூட்டிவிட்டேன், என்ன செய்தாலும் இனித் திறக்காது என்றேன். சிக்னலில் பச்சை விழுந்தும் அப்பா ஸ்கூட்டரை எடுக்கவில்லை. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் "சார், வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று கத்திய பிறகுதான் எடுத்தார்.

அடுத்த புதன்கிழமை அம்மாவும் அத்தையும் நவநாள் ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போனார்கள். என்னையும் கூட்டிப்போகிற வழக்கம். அன்று அப்பா, "அவளுக்கு வீட்டுக்கணக்கு இருக்கு" என்று நிறுத்திக்கொண்டார். கணக்கு எதுவும் இல்லை. அண்ணன் டியூஷனுக்குப் போகும்வரை பேப்பர் படித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, பூட்டு போட்டியே, அதை எப்படித் திறக்கிறது?"

"எல்லாத்தையுமாப்பா?"

"இல்ல. ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு வாசிச்சியே, அது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது உளவாளிப்பா. நீங்கதான் குப்பைன்னு சொன்னீங்க."

அப்பா சிறிது நேரம் கம்ப்யூட்டர் உறையின் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் சொன்னது தப்பு" என்றார். கணக்கு வாத்தியார் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

"பூட்டத்தான் தெரியும்ப்பா, திறக்கத் தெரியாது" என்றேன். அது பொய். திறக்க எனக்கு மனசு இல்லை.

அப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். மாமாவுக்குப் போன் செய்து கேட்டு எழுதியது. கரும்பலகையில் எழுதும் அதே சாய்ந்த கையெழுத்தில், எதை அழுத்தினால் எது வரும், அதில் எதை அழுத்த வேண்டும் என்று எண் போட்டு எழுதியிருந்தார். மவுஸைக் கையால் தொட்டிராத மனிதர். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அவர் வாசிக்க, நான் அழுத்தினேன். கடைசி வரியில் அந்தப் பெயருக்கு எதிரில் இருந்த டிக்கை எடுக்க வேண்டும். என் விரல் நின்றுவிட்டது.

"அப்பா, இது நம்ம வீட்ல நடக்கிறதை வெளியில சொல்லிடும்ப்பா."

"சொல்லட்டும்" என்றார். "பரவாயில்ல. இருந்துட்டுப் போகட்டும்."

எடுத்தேன். அப்பா தாளைக் கிழித்து, கிழித்ததையும் கிழித்து, வெளியே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். "இது உனக்கும் எனக்கும் நடுவில இருக்கட்டும். அத்தைகிட்ட சொல்லாதே" என்றார். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். மழைக்காலத்தில் அப்பா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தது சரித்திரத்தில் அது ஒரு தடவைதான். இவ்வளவு பெரிய லஞ்சம் என்றால் இது எவ்வளவு பெரிய பாவமாக இருக்க வேண்டும் என்று பயந்துபோனேன்.

மனசு உறுத்தியது. அந்த மாதம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், தம்பி இல்லாததால் தம்பியை அடித்தேன் என்று சொல்ல முடியாமல் பொய் சொன்னதை மட்டும் சொல்லுகிற நான், இதையும் சொன்னேன்.

"சாமி, வீட்டுக்குள்ள ஒரு உளவாளியை விட்டுட்டேன். அப்பாதான் விடச் சொன்னாரு."

தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். பிறகு விவரம் கேட்டார். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். சாமியாருக்கு ஏனோ இருமல் வந்தது.

"அப்பா சொல்லி செஞ்சதுல பாவம் இல்லம்மா. மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு. இனிமே இதை வேற யார்கிட்டயும் வாசிச்சுக் காட்டாதே."

அவரும் என் உச்சரிப்பைத்தான் குறை சொல்லுகிறார் என்று நினைத்தேன்.

அத்தை மறுபடி கேள்வித்தாள் டைப் அடிக்க ஆரம்பித்தாள். சோறும் இறங்கியது. சனிக்கிழமைகளில் அந்தப் பெயர் வரும். நான் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றுக்கு டிக் போடுவேன். அப்பாவை ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவர் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பார்.

கிறிஸ்துமஸ் முடிந்து அத்தை ஏதோ அம்மாவிடம் சொன்னாள். அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். "அப்படியா!" என்றார் அப்பா, ஜென்மத்தில் அப்போதுதான் கேள்விப்படுகிறவரைப்போல. பொங்கல் லீவில் கோட்டூர்புரத்திலிருந்து ஒருவர் தன் அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவியை இழந்தவர். முன்வழுக்கை, கையில் பிளம் கேக். உட்காரச் சொன்னதும் பதற்றத்தில் கம்ப்யூட்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்த்தவுடன் பிடிக்கவில்லை. என்ன படிக்கிறாய் என்று கேட்டார். அஞ்சாவது என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

அந்த மாதமே அண்ணனுக்குப் பரீட்சை நெருங்குகிறது என்று அப்பா கம்ப்யூட்டருக்கு உறையைப் போட்டுக் கட்டிவிட்டார். அத்தைக்கு அடிக்கடி போன் வந்தது. நான் எடுத்தால் அந்தக் கோட்டூர்புரத்துக்காரர் "அம்மா இருக்காங்களா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்பார். தவக்காலத்தில் எங்களில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் ஓலை வாசித்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களின் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் சத்தமாக வாசிப்பார்கள், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும். அத்தையின் பெயர் மைக்கில் கேட்டபோது ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அப்பா அவளைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்குத் தடை தெரிந்திருந்தது. அத்தை போய்விட்டால் எனக்கு யார் பின்னல் போடுவார்கள்? எழுந்து சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அப்பா என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன். "அந்த ஆளு எப்படிப்பா நம்ம வீட்டுக்கு வந்தாரு?"

"யாரோ வழி சொல்லியிருப்பாங்க" என்றார் அப்பா.

இரண்டாம் ஓலை வாசித்த வாரம், சனிக்கிழமை, பல மாதம் கழித்துக் கம்ப்யூட்டரின் உறையை எடுத்தார்கள். அம்மா கல்யாணப் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நான் ஆன்ட்டி-ஸ்பைவேர் இரண்டையும் புதுப்பித்து ஸ்கேன் தட்டிவிட்டு மண்டியிட்டேன். ஜெபம் முடிந்து அம்மா தையல் மெஷினுக்குத் திரும்பியதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். பட்டியலில் ஐந்தாறு பெயர் இருந்தது. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் பார்த்தேன். அது இல்லை. நான் பூட்டவில்லை, டிக் போடவில்லை, தானாகவே போயிருந்தது. வாசிக்கக் கூடாது என்ற உத்தரவெல்லாம் மறந்துபோய்க் கத்தினேன்.

"அப்பா! இருந்துட்டுப் போகட்டும்னு என்னைத் திறக்கச் சொன்னீங்களே, அந்த ஒண்ணு போயிடுச்சுப்பா! அதுவாவே போயிடுச்சு!"

யாரும் கை தட்டவில்லை. அம்மாவின் மெஷின் நின்றது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததையே துடைத்தார். அத்தை என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், கடைசியாக அப்பாவைப் பார்த்தாள்.

"அண்ணே" என்றாள்.

"மெழுகுவர்த்தியை அணை, வீணா எரியுது" என்றார் அப்பா, அவளைப் பார்க்காமல்.

அத்தை அணைக்கவில்லை. என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, என் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். காலையில் அவளே எடுத்த வகிடு நனைந்தது. வீட்டுக்கு இனி ஆபத்தில்லை என்று நான் சொல்லியும் இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

"ஏன் அத்தே அழறீங்க?" என்றேன். "அதான் போயிடுச்சே."